தலை எண்ணிக்கையும் எல்லைக்கோடும்

1

நவீன கவிதைக்கும் நகரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி நம் பத்திரிகைகளில் நிறையவே எழுதியாகிவிட்டது. ஜனக்கூட்டத்தில் தனித்துப் போனவன், முகமிழந்தவன், இரவில் விளக்குக் கம்பத்தடியில் நிற்கிறவன் — இவனை நமக்கு நன்றாகத் தெரியும். இந்த ஜனக்கூட்டத்தை யாராவது எண்ணினார்களா, எண்ணிய பிறகு அந்த எண்ணுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்ற கேள்வி மட்டும் நம் விமர்சகர்களுக்கு எழவில்லை. எனக்கும் எழவில்லை. கவிதை படிக்கிறவன் ஜனத்தொகை அட்டவணையைப் புரட்ட வேண்டியதில்லை என்ற சௌகரியமான எண்ணம் எனக்கும் வெகுகாலம் இருந்தது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். ஸாண்ட்பர்க்கின் சிகாகோ கவிதை 1914-ல், அதே சிகாகோவிலிருந்து வந்த 'பொயட்ரி' என்ற சிறுபத்திரிகையில் வெளியாயிற்று. டாஸ் பாஸோஸின் 'மன்ஹாட்டன் ட்ரான்ஸ்ஃபர்' 1925. லாங்ஸ்டன் ஹ்யூஸின் முதல் கவிதைத் தொகுப்பு 1926. ப்ரூக்ளின் பாலத்தை முன்வைத்து ஹார்ட் க்ரேன் எழுதிய நெடுங்கவிதை 1930. அமெரிக்க இலக்கியம் நகரத்தைக் கண்டுபிடித்தது ஏறக்குறைய இந்தப் பதினைந்து வருஷங்களில்தான். இதே சமயத்தில், 1920க்கும் 1930க்கும் நடுவில், அமெரிக்கக் காங்கிரஸ் தன் நகரங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, எண்ணிய கணக்கை ஏற்க மறுத்துக்கொண்டிருந்தது. இந்த இரண்டும் ஒரே காலத்தில் நடந்தவை என்பதை நான் கவனித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு தேடிப் படித்ததில் எனக்குப் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கதை சிதறிவிடக்கூடாது என்பதற்காக டெட்ராய்ட் என்ற ஒரே நகரத்தைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

2

1920 கணக்கெடுப்பில் அமெரிக்க ஜனத்தொகை சுமார் 10 கோடியே 60 லட்சம். இதில் 51 சதவீதம் பேர் நகரவாசிகள். அந்த நாட்டின் சரித்திரத்தில் இது முதல் தடவை. நகரம் என்றதும் வானுயர்ந்த கட்டடங்களைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 2,500 பேர் வசித்தாலே அந்தக் கணக்கில் அது நகரம். ஆனாலும் தராசு சாய்ந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஜனங்களை எண்ண வேண்டும், அதன்படி பிரதிநிதிகள் சபையின் இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிட வேண்டும் என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஏற்பாடு. 1790லிருந்து ஒவ்வொரு எண்ணிக்கைக்குப் பிறகும் பங்கீடு நடந்தது. 1920க்குப் பிறகு மட்டும் நடக்கவில்லை. 1922லிருந்து 1930 வரை ஐந்து காங்கிரஸ் தேர்தல்களும், நடுவில் வந்த இரண்டு ஜனாதிபதி தேர்தல்களும், 1910ஆம் வருஷத்துத் தலைகளை வைத்துக்கொண்டே நடந்தன.

சொல்லப்பட்ட காரணங்கள் சுவாரஸ்யமானவை. கணக்கெடுப்பு ஜனவரி 1ஆம் தேதியை வைத்து நடந்தது, அது பனிக்காலம், பண்ணையாட்கள் வேலை தேடி நகரத்துக்குப் போயிருந்த சமயம். யுத்தத்துக்காகத் தொழிற்சாலைகளுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை, நாளைக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகவே இந்தக் கணக்கு உண்மையான அமெரிக்காவைக் காட்டவில்லை என்றார்கள். சொல்லப்படாத காரணம் வேறு. நகரத்தில் இருந்தவர்கள் இத்தாலியர்கள், போலந்துக்காரர்கள், யூதர்கள், கத்தோலிக்கர்கள், தெற்கிலிருந்து ரயிலேறி வந்த கறுப்பின மக்கள். மதுவிலக்கு அமலுக்கு வந்ததும் அதே 1920 ஜனவரியில்தான். நகரத்துக்காரன் கையில் இடங்கள் போனால் அது நிற்காது என்ற பயமும் இருந்தது.

இதில் சந்தேகம் இருக்கிறவர்கள் 1924ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தைப் பார்க்கலாம். எந்தெந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்று நிர்ணயிக்க அந்தச் சட்டம் ஒரு பழைய ஜனத்தொகைக் கணக்கை அடிப்படையாக வைத்தது. 1920 அல்ல, 1910கூட அல்ல, 1890. தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பெருங்கூட்டம் வருவதற்கு முந்தைய கணக்கு அது. தங்கள் முகத்தைச் சரியாகக் காட்டும் கண்ணாடி கிடைக்கும்வரை பின்னோக்கிப் போயிருக்கிறார்கள்.

டெட்ராய்டில் 1910-ல் 4,65,766 பேர். 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்ட் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி என்று அறிவித்தார். 1920-ல் நகரத்தில் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஜனங்கள். 1930-ல் 15,68,662. இருபது வருஷங்களில் மூன்று பங்குக்கும் மேல். இந்தக் காலம் முழுவதும் மிச்சிகன் மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் 13 இடங்கள்தான். 1929-ல் ஒருவழியாகச் சட்டம் நிறைவேறி, 1932 தேர்தலில்தான் அது 17 ஆயிற்று. கலிபோர்னியா ஒரே தாவலில் 11லிருந்து 20க்குப் போயிற்று.

ஆனால் அந்த 1929 சட்டத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. மாநிலத்துக்குள் தொகுதிகள் ஏறக்குறைய சம ஜனத்தொகை உள்ளவையாக இருக்க வேண்டும் என்று பழைய சட்டங்களில் ஒரு விதி இருந்தது. புதிய சட்டத்தில் அதைக் காணோம். மாநிலங்களுக்கு இடையே நியாயம் வந்தது. மாநிலத்துக்குள்ளே நகரத்தை என்ன செய்வது என்பது சட்டசபைகளின் இஷ்டத்துக்கு விடப்பட்டது. சட்டசபைகள் கிராமத்தார் கையில் இருந்தன.

3

இஷ்டம் எப்படி இருந்தது என்பதற்குச் சில எண்கள். இல்லினாய்ஸில் காங்கிரஸ் தொகுதிகள் 1901-ல் வரையப்பட்டவை. 1946-ல் ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது சிகாகோவை ஒட்டிய ஒரு தொகுதியில் 9,14,000 பேர். இன்னொரு தொகுதியில் 1,12,000 பேர். இருவருக்கும் ஆளுக்கு ஒரு பிரதிநிதி. நீதிபதி ஃப்ராங்க்ஃபர்ட்டர், இது அரசியல் புதர், கோர்ட் இதற்குள் நுழையக்கூடாது, ஜனங்கள் சட்டசபை மூலம் பரிகாரம் தேடிக்கொள்ளட்டும் என்ற கருத்தில் எழுதினார். அநியாயத்தால் பதவியில் இருப்பவரிடமே அநியாயத்தை நீக்கச் சொல்லி மனுப்போடு என்பதுதான் இதன் அர்த்தம்.

டென்னஸீ சட்டசபைத் தொகுதிகளும் 1901-க்குப் பிறகு மாற்றப்படவில்லை. மெம்ஃபிஸ் நகரப் பகுதியைச் சேர்ந்த சார்லஸ் பேக்கர் தொடுத்த வழக்கில், 1962 மார்ச்சில், கோர்ட் இந்தப் புதருக்குள் நுழையலாம் என்று தீர்ப்பாயிற்று. ஃப்ராங்க்ஃபர்ட்டர் மறுப்புத் தீர்ப்பு எழுதினார். 1964 ஜூனில் அலபாமா வழக்கு. பர்மிங்ஹாம் நகரம் இருக்கும் ஜெஃபர்ஸன் கவுண்ட்டியில் ஆறு லட்சத்துக்கு மேல் ஜனங்கள். மாநில ஸெனட்டில் ஒரு இடம். லவுண்ட்ஸ் கவுண்ட்டியில் 15,417 பேர். அதற்கும் ஒரு இடம். மாநில ஜனத்தொகையில் நாலில் ஒரு பங்கு பேர் நினைத்தால் சபையின் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்ற நிலைமை. மாநிலச் சட்டசபையின் இரண்டு சபைகளுமே ஜனத்தொகைப்படிதான் அமைய வேண்டும், ஒருவருடைய ஓட்டு எங்கே இருந்தாலும் ஒரே எடை உள்ளதாக இருக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி வாரன் எழுதினார். இதே வாரன் கலிபோர்னியாவின் கவர்னராக இருந்தபோது, லாஸ் ஏஞ்ஜலஸ் கவுண்ட்டி முழுவதற்கும் மாநில ஸெனட்டில் ஒரே ஒரு இடம் என்ற ஏற்பாட்டை மாற்ற 1948-ல் வந்த யோசனையை எதிர்த்தவர். மனிதர்கள் மாறுவது உண்டு. எழுத்தாளர்களைவிட நீதிபதிகள் சில சமயம் நன்றாகவே மாறுகிறார்கள்.

மிச்சிகனிலும் இதே கதை. 1952-ல் மாநில ஸெனட் தொகுதிகளை ஜனத்தொகைக்குச் சம்பந்தமில்லாமல் நிரந்தரமாக ஆணியடித்து வைக்கும் சட்டத்திருத்தம் நிறைவேறிற்று. தொழிற்சங்கத் தலைவர் ஆகஸ்ட் ஷோல் தொடுத்த வழக்கை மாநில சுப்ரீம் கோர்ட் 1960-ல் தள்ளுபடி செய்தது. 1962-ல், டென்னஸீ தீர்ப்புக்குப் பிறகு, வாஷிங்டன் அந்த வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிற்று. 1964 தேர்தல் புதிய தொகுதிகளில் நடந்தது. அந்தத் தேர்தலில் டெட்ராய்டிலிருந்து மாநில ஸெனட்டுக்குப் போனவர்களில் ஒருவர் கோல்மன் யங், பழைய தொழிற்சங்கக்காரர், கறுப்பினத்தவர். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்புகளால் பலனில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜார்ஜியாவில் மாநில ஸெனட் தொகுதிகள் கோர்ட் நிர்ப்பந்தத்தால் திருத்தப்பட்ட உடனே, 1962-ல், அட்லாண்டாவிலிருந்து லீராய் ஜான்ஸன் தேர்ந்தெடுக்கப்பட்டார். டெக்ஸாஸில் தொகுதிகள் திருத்தப்பட்ட பிறகு, 1966-ல், ஹூஸ்டனிலிருந்து பார்பரா ஜோர்டன் வந்தார். அதற்கு முன் அவர் இரண்டு தடவை தோற்றிருந்தார். அவருடைய பேச்சுத்திறன் 1966-ல் திடீரென்று வளர்ந்துவிடவில்லை. மாறியது வரைபடம்.

நண்பர்கள் மத்தியில் இந்தத் தீர்ப்புகளை நான் ஒரு சமயம் வானளாவப் புகழ்ந்திருக்கிறேன். கணக்குச் சரியானால் நியாயம் பின்னாலேயே வந்துவிடும் என்று நம்பினேன். ஒரு நண்பர் மட்டும், "அந்தச் சமயத்தில் நகரத்தில் யார் மிச்சம் இருந்தார்கள் என்று பார்த்தீரா?" என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை.

4

டெட்ராய்டின் ஜனத்தொகை உச்சத்தைத் தொட்டது 1950-ல்: 18,49,568. 1960-ல் 16,70,144. நகரத்துக்குச் சம எடை உண்டு என்று கோர்ட் சொல்வதற்குள் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் குறைந்தாகிவிட்டது. டெட்ராய்ட் மட்டுமல்ல, சிகாகோ, க்ளீவ்லண்ட், ஸெயிண்ட் லூயிஸ் எல்லாமே 1950க்குப் பிறகு சரிந்தன. ஸெயிண்ட் லூயிஸில் 1950-ல் 8,56,796 பேர், 2020-ல் 3,01,578. 1970 கணக்கெடுப்பில் முதல் தடவையாகப் புறநகர்வாசிகள் மைய நகரவாசிகளைவிட அதிகமாக இருந்தார்கள். சம ஓட்டுத் தீர்ப்புகளால் அதிகம் லாபம் அடைந்தது நகரம் அல்ல, புறநகர். நாற்பது வருஷம் கேட்டுக் கேட்டுக் கதவு திறந்தபோது, கேட்டவன் வாசலில் இல்லை; அவன் பிள்ளை வேறு தெருவில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஜனங்கள் தாங்களாக விரும்பிப் போனார்கள் என்று இதற்கு ஒரு சமாதானம் உண்டு. தோட்டமும் காற்றும் உள்ள வீட்டை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் விருப்பத்துக்கும் கடன் கொடுக்க ஒருவர் வேண்டும். 1934-ல் ஏற்பட்ட மத்திய வீட்டுவசதி நிர்வாகம், தனியார் வீட்டுக் கடன்களுக்கு அரசாங்க ஜாமீன் கொடுத்தது. கறுப்பின மக்கள் வசிக்கும் பகுதிகளையும் அவற்றை ஒட்டிய இடங்களையும் ஆபத்தானவை என்று தள்ளியது. டெட்ராய்டின் வட எல்லையான எய்ட் மைல் சாலைக்குப் பக்கத்தில், 1941-ல், ஒரு கட்டட முதலாளி வெள்ளையர்களுக்கு வீடுகள் கட்ட நினைத்தார். பக்கத்தில் கறுப்பினக் குடியிருப்பு இருந்ததால் ஜாமீன் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினார். ஜாமீன் கிடைத்தது. அந்தச் சுவரின் பெரும்பகுதி இடிபடாமல் நின்றது. பிற்காலத்தில் அதன்மேல் சித்திரங்கள் வரைந்தார்கள்.

இனத்தைச் சொல்லி வீடு விற்கத் தடைபோடும் பத்திரங்களைக் கோர்ட்டுகள் அமல்படுத்தக்கூடாது என்று 1948-ல் தீர்ப்பாயிற்று. அதில் சேர்க்கப்பட்ட வழக்குகளில் ஒன்று டெட்ராய்டிலிருந்து வந்தது. பத்திரம் செல்லாது, சுவர் செல்லும். 1956-ல் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைச் சட்டம் வந்தது. செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. டெட்ராய்டில் கறுப்பின மக்களின் கடைத்தெருவாக இருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவின் மேல் க்ரைஸ்லர் பெருஞ்சாலை போடப்பட்டது. பக்கத்தில் 'ப்ளாக் பாட்டம்' என்ற குடியிருப்பை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். வருஷக்கணக்கில் அங்கே புல் முளைத்துக் கிடந்தது. பிறகு அந்த நிலத்தில் மீஸ் வான் டெர் ரோஹே வடிவமைத்த லஃபயெட் பார்க் எழுந்தது. கண்ணாடியும் எஃகும் மரங்களுமாக, நவீன கட்டடக் கலையின் சாதனைகளில் ஒன்றாகப் புத்தகங்களில் அதன் படங்களைப் பார்த்து நானும் வியந்திருக்கிறேன். அடியில் எது கிடந்தது என்று அந்தப் படங்கள் சொல்லவில்லை.

தொழிற்சாலைகளும் நகர்ந்தன. பேக்கார்ட் கார்க் கம்பெனி 1956-ல் டெட்ராய்ட் ஆலையில் உற்பத்தியை நிறுத்தியது. அதே வருஷம் ஜெனரல் மோட்டார்ஸின் தொழில்நுட்ப மையம் — அது இன்னொரு நவீனத்துவச் சிற்பி ஸாரினென் வடிவமைத்தது — எய்ட் மைல் சாலைக்கு வடக்கே, மேகோம் கவுண்ட்டியின் வாரன் என்ற ஊரில் திறக்கப்பட்டது. வாரனின் ஜனத்தொகை 1960-ல் 89,246, 1970-ல் 1,79,260. இவர்களில் கறுப்பினத்தவர் சில நூறு பேர்கூடத் தேறவில்லை.

5

மிஞ்சியவர்களின் கையில் நகரம் எப்போது வந்தது? 1918ஆம் வருஷத்து நகர சாசனம் வார்டுகளை ஒழித்துவிட்டு, ஒன்பது கவுன்ஸிலர்களையும் நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்திருந்தது. ஊழல் ஒழிப்புச் சீர்திருத்தம் என்று அதற்குப் பெயர். 1950-ல் நகரத்தில் மூன்று லட்சம் கறுப்பின மக்கள் இருந்தும் ஒரு கவுன்ஸிலர்கூடக் கிடையாது. முதல்வர் 1957-ல்தான் வந்தார். 1967 ஜூலைக் கலவரத்தில் 43 பேர் செத்தார்கள். வெளியேற்றம் வெள்ளமாயிற்று. 1973-ல், முன்னாள் போலீஸ் கமிஷனரைத் தோற்கடித்து, கோல்மன் யங் மேயரானார். இரு பக்கமும் ஓட்டுகள் பெரும்பாலும் நிறப்படியே விழுந்தன. அவர் இருபது வருஷம் பதவியில் இருந்தார். அந்த இருபது வருஷங்களிலும் வரி கொடுப்பவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். நிர்வாகத்தில் அவர் செய்த தவறுகளைப் பட்டியலிட நிறையப் பேர் இருக்கிறார்கள். காலியாகிக்கொண்டிருந்த பெட்டியின் சாவிதான் அவர் கைக்கு வந்தது என்பதையும் அந்தப் பட்டியலோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அவர் பதவியேற்ற 1974ஆம் வருஷத்திலேயே, ஜூலையில், சுப்ரீம் கோர்ட் இன்னொரு தீர்ப்பு வழங்கிற்று. டெட்ராய்ட் பள்ளிகளில் இனப்பிரிவினையைப் போக்க நகரத்தையும் 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்து ஒரே திட்டமாகச் செய்ய வேண்டும் என்று கீழ்க்கோர்ட் சொல்லியிருந்தது. ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அது ரத்தாயிற்று. புறநகர் தப்புச் செய்ததாக நிரூபணமில்லை, ஆகவே எல்லையைத் தாண்டக்கூடாது என்பது வாதம். தர்குட் மார்ஷல் மறுப்பு எழுதினார். பத்து வருஷங்களுக்கு முன் எல்லைக்கோடுகளை அழித்துத் திருப்பி எழுதிய அதே கோர்ட், இப்போது எல்லைக்கோட்டைப் புனிதமாக்கிற்று. 1941-ல் சுவர் எழுப்பியவருக்குக் கான்கிரீட் தேவைப்பட்டது. இனி யாருக்கும் தேவைப்படாது.

எல்லைக்கு வடக்கே என்ன நடந்தது? மேகோம் கவுண்ட்டியில் 1960-ல் கென்னடிக்கு 63 சதவீத ஓட்டு. கார்த் தொழிலாளிகள், போலந்துக்காரர்களின் பேரன்கள், கத்தோலிக்கர்கள் — 1920-ல் எண்ணப்பட மறுக்கப்பட்ட அதே ஜனங்களின் வாரிசுகள். பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸில் எல்லை தாண்டி அனுப்பும் பிரச்னை கொதித்துக்கொண்டிருந்த 1972-ல், ஜனநாயகக் கட்சியின் மிச்சிகன் முன்தேர்தலில் அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ் ஜெயித்தார். 1984-ல் இதே மேகோமில் மூன்றில் இரண்டு பங்குபேர் ரீகனுக்கு ஓட்டுப் போட்டார்கள். பாட்டனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதுபோலத்தான் பேரன் எல்லைக்குத் தெற்கே இருப்பவனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டான். இந்தச் சரித்திரத்தில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். ஒதுக்கப்பட்டவர்கள் ஒதுக்கப்பட்டவர்களைப் புரிந்துகொள்வார்கள் என்பது இலக்கியவாதிகளின் நம்பிக்கை. எண்கள் அப்படிச் சொல்லவில்லை.

6

பிந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடனில் மூழ்கிய நகரங்களுக்கு கவர்னர் ஒரு அதிகாரியை நியமிக்கலாம், அவர் மேயருக்கும் கவுன்ஸிலுக்கும் மேற்பட்டவர் என்ற சட்டத்தை மிச்சிகன் வாக்காளர்கள் 2012 நவம்பரில் நிராகரித்தார்கள். டிசம்பரில் சட்டசபை ஏறக்குறைய அதே சட்டத்தை மறுபடி நிறைவேற்றிற்று. 2013 மார்ச்சில் டெட்ராய்டுக்கு அப்படி ஒருவர் வந்தார். ஜூலையில் நகரம் திவால் மனுக் கொடுத்தது. ஓட்டுப் பெட்டி இருந்தது, ஓட்டு எண்ணப்பட்டது, எடை சமமாகவே இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு வேலை மட்டும் இல்லை.

2018-ல் மிச்சிகன் ஜனங்கள் தொகுதி வரையும் வேலையைக் கட்சிகளிடமிருந்து பிடுங்கி ஒரு சுயேச்சைக் கமிஷனிடம் கொடுத்தார்கள். நல்ல காரியம். கட்சிகளுக்கிடையே நியாயம் செய்யப்போன கமிஷன், டெட்ராய்டை நீளநீளமான துண்டங்களாக நறுக்கி, எய்ட் மைலுக்கு அப்பாலுள்ள புறநகர்களோடு ஒட்டிற்று. 2020-ல் நகரத்தின் ஜனத்தொகை 6,39,111. உச்சத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. அதையும் பிரித்தாகிவிட்டது. 2022-ல் டெட்ராய்டின் பெரும்பகுதி அடங்கிய காங்கிரஸ் தொகுதியில், பலர் போட்டியிட்ட முன்தேர்தலில், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஓட்டில் ஜெயித்துப் பிறகு காங்கிரஸுக்குப் போனவர் பெல்காமில் வளர்ந்த ஸ்ரீ தானேதார். 1955க்குப் பிறகு முதல் தடவையாக டெட்ராய்டுக்குக் காங்கிரஸில் கறுப்பினப் பிரதிநிதி இல்லாமல் போயிற்று. 2023 டிசம்பரில் ஒரு மத்திய கோர்ட், மாநிலச் சட்டசபைக்கான டெட்ராய்ட் வட்டாரத் தொகுதிகளில் 13, இனத்தை வைத்து வரையப்பட்டவை என்று சொல்லி ரத்து செய்தது. மறுபடி கோடு, மறுபடி ரப்பர்.

தலைக்கு ஒரு ஓட்டு என்பது நியாயத்தின் ஆரம்பம்தான் என்று இப்போது எனக்குப் படுகிறது. எண்ண மறுப்பது ஒரு முறை. அது 1920களில் வெளிப்படையாக நடந்தது, ஆகவே எதிர்க்கவும் முடிந்தது. ஒழுங்காக எண்ணிவிட்டு, எண்ணப்பட்டவர்கள் எங்கே வசிக்கலாம் என்பதைக் கடனாலும் சாலையாலும் எல்லையாலும் தீர்மானிப்பது இன்னொரு முறை. அதில் அட்டவணை சரியாகவே இருக்கும்.

டெட்ராய்டில் பிறந்த கவிஞர் ராபர்ட் ஹேடன், தாம் சிறுவனாக வளர்ந்த பாரடைஸ் வேலி என்ற வட்டாரத்துக்கு 1970களின் கடைசியில் இரங்கற்பாக்கள் எழுதினார். அந்த வட்டாரத்தின் தெருக்கள் பெருஞ்சாலைக்கு அடியில் போய்விட்டன. அவற்றை முதலில் படித்தபோது, இளமையை இழந்த ஒருவரின் துக்கம் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். இப்போது படிக்கும்போது பக்கத்தில் 1950ஆம் வருஷத்து அட்டவணையையும் விரித்து வைத்துக்கொள்கிறேன். கவிதை ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.